இடது கையுறை

என் தையல் கடைக்கும் பக்கத்து டாட்டூ கடைக்கும் நடுவே இருப்பது சுவர் இல்லை, வெறும் பலகை. இந்தப் பக்கம் என் மெஷின், அந்தப் பக்கம் அவள் மெஷின். என்னுடையது ஓடும்போது அங்கே இடி விழுந்தாலும் எனக்குத் தெரியாது. நிறுத்திவிட்டு நூல் கோக்கும்போதுதான் யார் அழுகிறார்கள், யார் பல்லைக் கடிக்கிறார்கள், யார் "இன்னும் எவ்வளவு நேரம்" என்று கேட்கிறார்கள் எல்லாம் காதில் விழும். ஒட்டுக் கேட்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பத்து வருஷமாக நூல் கோக்கிறேன், அவ்வளவுதான்.

தெருவில் அவளுக்குப் பேர் டாட்டூ. அவள் புருஷனுக்குப் பேர் லிஃப்ட். பெரிய கட்டிடங்களில் பாதியில் நின்றுபோகிற லிஃப்ட்டுகளைப் பழுது பார்க்கிற வேலை அவனுக்கு. என்னைத் தையலக்கா என்பார்கள். இரண்டு பேரும் குடியிருந்தது எங்கள் வீட்டுக்கு நேர் மேலே. ஆகக் கடையிலும் அவர்கள் சத்தம், வீட்டிலும் அவர்கள் சத்தம். வாடகைக்கு வந்த அன்றே சொன்னேன், "சண்டை போட்டா மெதுவா போடுங்க, எங்க வீட்டுக்காரருக்கு மேட்ச் பாக்கணும்" என்று. அவர்கள் சண்டையே போட்டதில்லை. அதிலேயே எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

டாட்டூ தொழில் கற்றுக்கொண்டது லிஃப்ட்டின் கால்களில். முதலில் ரப்பர் தோலில் பழகினாள். அது போதவில்லை என்றதும் அவன் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சின்ன வயதில் டிவியில் எதையெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தானோ அதெல்லாம் அவன் காலில் இருந்தது. இடது கெண்டைக்காலில் ரயில் ஓட்டுகிற கரடி. பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் கார்ட்டூனுக்காகவே வீட்டுக்கு ஓடி வருவானாம். கரடி என்று அவன் சொன்னால்தான் தெரியும், எனக்குத் தொப்பி போட்ட உருளைக்கிழங்காகத்தான் தெரிந்தது. முட்டிக்கு மேலே ஒற்றைக்கண் ரோபோ, அந்தக் கண்ணும் வட்டமில்லை. வலது காலில் முகமூடி போட்ட மல்யுத்த வீரன், ஒரு பாட்டுக் குழுவின் கேசட், வீடியோ கேமில் வருகிற பேய். யாராவது பார்த்துச் சிரித்தால் அவன் கூச்சப்பட மாட்டான். "என் பொண்டாட்டி போட்ட முதல் கரடிங்க இது" என்று காலை இன்னும் கொஞ்சம் நீட்டுவான். குளிரானாலும் மழையானாலும் வீட்டில் அரைக்கால் சட்டைதான்.

முதுகை மட்டும் காலியாக வைத்திருந்தான். அது கேப்டனுக்கு.

அந்தக் கேப்டன் ஒரு விண்வெளித் தொடரில் வருகிறவள். சிவப்பு முடி, வெளிர் மஞ்சள் கையுறை. கடைசி எபிசோடில் கப்பல் உடையப் போகிறது. எல்லோரையும் சின்ன ஓடத்தில் ஏற்றி அனுப்புகிறாள். கடைசியாக ஏறுகிற மெக்கானிக் குளிரில் நடுங்குகிறான். தன் இடது கையுறையைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டு, ஓடம் போவதைக் கண்ணாடியில் வெறுங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான் கதை. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் அதைச் சேர்ந்து பார்த்திருக்கிறார்கள். லிஃப்ட் ஓவென்று அழுதிருக்கிறான். "டிவி பாத்து அழற ஆம்பளைய அன்னிக்குத்தான்க்கா முதல்ல பாத்தேன். சரி, இவனையே கட்டிக்குவோம்னு தோணிச்சு" என்று டாட்டூ என்னிடம் சொல்லியிருக்கிறாள். கேப்டன் கண்ணாடியில் கை வைத்து நிற்கிற படம்தான் அவன் முதுகுக்கு என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. "எனக்குக் கை நல்லா திரும்பட்டும், அப்புறம் போடறேன்" என்றாள்.

கை திரும்பியது. திரும்பினதும் அவளுக்கு நேரம் இல்லாமல் போயிற்று. மூன்று மாசத்துக்கு முன்னாலேயே பேர் எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள். போனில் படத்தைக் காட்டிக்கொண்டு வருவார்கள். பாடகன் முகம், கார்ட்டூன் பூனை, சண்டைப் படக் கதாநாயகியின் கத்தி, ஏதோ ஒரு கேமில் வருகிற மூன்று தலைப் பறவை. ஒவ்வொருத்தருக்கும் அதுதான் உயிர். அவள் அவர்கள் முதுகிலும் தோளிலும் ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம் குனிந்து கிடப்பாள். படத்தின் கோடுகளை ஊதா மையில் தோலில் பதிக்கிற ஸ்டென்சிலை ஒட்டுவாள், காயவிடுவாள், பிறகு கோடு இழுத்து, துடைத்து, இழுத்து, துடைத்து. பேசவே மாட்டாள். முடிந்ததும் சாப்பிடக்கூடத் தெம்பு இருக்காது.

லிஃப்ட் கேட்பான். "என் முதுகு?"

"அடுத்த மாசம்."

இப்படியே இரண்டு வருஷம். ஒரு தடவை லீவு போட்டுவிட்டு வந்து, தலை வாரிக்கொண்டு, கடை பெஞ்சில் உட்கார்ந்தான். அன்றைக்குப் பார்த்து ஒரு பெண் அழுதுகொண்டே வந்தாள். அவளுக்குப் பிடித்த பாடகி இனிமேல் பாடப் போவதில்லை என்று அறிவித்துவிட்டாளாம், இன்றைக்கே அவள் பேரைக் கையில் எழுதிக்கொள்ள வேண்டுமாம். டாட்டூ அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டுவிட்டாள். லிஃப்ட் போய் எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கி வந்து வைத்துவிட்டு, எனக்கும் ஒன்று கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போனான். முகம் தொங்கிப்போயிருந்தது. அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். நமக்கெதற்கு என்று விட்டுவிட்டேன்.

அதற்கு அப்புறம் நாலு மாசம் கழித்து, விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தில், சாயங்காலம் நான் அடுப்பில் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தபோது மேலே அவள் குரல் கேட்டது.

"சட்டையைக் கழட்டுங்க."

கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன். அவள் அவனை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். "ங்க" வந்தால் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

"முதுகுல என்ன சரசரன்னு? பிளாஸ்டிக் ஒட்டியிருக்கா? கழட்டுங்கன்னு சொல்றேன்ல!"

அப்புறம் சத்தமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. ஐந்து நிமிஷத்தில் என் கதவைத் தட்டினாள். "அக்கா, கொஞ்சம் மேல வாங்க. வந்து பாருங்க, இவரு பண்ணிட்டு வந்திருக்கற காரியத்தை."

போனேன். லிஃப்ட் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்திருந்தான், நாற்காலி முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, இரண்டு சாண் உயரத்துக்குக் கேப்டன். கப்பல் கண்ணாடி, வெளியே நட்சத்திரம், தோளில் விழுகிற சிவப்பு முடி. சுற்றிலும் தோல் சிவந்து வீங்கியிருந்தது. பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அம்மாடி, அழகா இருக்கே!"

டாட்டூ என்னைப் பார்த்த பார்வையில் அந்த இடத்திலேயே பொசுங்கிப்போயிருப்பேன்.

"யாரு போட்டதுன்னு கேளுங்க."

நான் கேட்பதற்கு முன்னால் அவனே சொன்னான், நாற்காலிக்குள் முகத்தை வைத்தபடியே. "சுருட்டை."

சுருட்டை இவள் கடையில் இரண்டு வருஷம் இருந்தவள். தரை துடைத்து, ஸ்டென்சில் வெட்டி, வேலை கற்றுக்கொண்டு, பிறகு தெருக்கோடியில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தனியாகக் கடை போட்டுவிட்டாள். சொல்லிவிட்டுத்தான் போனாள், நல்லபடியாகத்தான் போனாள். ஆனால் டாட்டூவுக்கு அவள் பேரை எடுத்தாலே வயிறு எரியும்.

"எத்தனை மணி நேரம்?" டாட்டூ கேட்டாள்.

"ஏழு."

"ஏழு மணி நேரம் அவ கை உங்க முதுகுல. எனக்கு மட்டும் 'ஒரு லிஃப்ட் பாதில மாட்டிக்கிச்சு, வர நேரமாகும்'னு மெசேஜ். என் காதுல பூ சுத்தியாச்சு."

"நான் ஒண்ணும் தப்பு பண்ணலையே. டாட்டூதானே போட்டேன்."

"அதுதான் தப்பு! நீங்க வேற ஒருத்திகூட சினிமாவுக்குப் போயிருந்தாக்கூடப் பரவாயில்ல. அக்கா, சொல்லுங்க, இது எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

என்னத்தைச் சொல்வேன்? சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவள் விளையாடவில்லை. கண்ணுக்கு லென்ஸ் மாட்டிக்கொண்டு, டார்ச் அடித்து, அங்குலம் அங்குலமாக அவன் முதுகைப் பார்க்க ஆரம்பித்தாள். கோடு எங்கேயாவது நடுங்கியிருக்கிறதா, நிறம் எங்கேயாவது விட்டுப்போயிருக்கிறதா என்று தேடினாள். கால் மணி நேரம். மழைச் சத்தம் மட்டும்தான்.

"சுத்தமா இருக்கு" என்றாள் கடைசியில். "சனியன், ஒரு கோடு பிசகல." அப்படிச் சொல்லிவிட்டு லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு அழுதாள். கீழே என் சூப் அடிப்பிடித்திருந்தது.

மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே வந்து ஒரு டியூபை என் கையில் திணித்தாள். "அக்கா, காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. சோப்புத் தண்ணில மெதுவா கழுவி, துணியால ஒத்தி எடுத்துட்டு இதைத் தடவணும். அவருக்கு எட்டாது."

"நீ எங்க போற?"

"என்னால முடியாதுக்கா. அவ வேலைய நான் உக்காந்து குளிப்பாட்டிக் க்ரீம் தடவி வளக்கணுமா?"

நானும் மூன்று நாள் தடவினேன். எனக்கென்ன தெரியும்? தையல்காரி. நிறையத் தடவினால் சீக்கிரம் ஆறும் என்று நினைத்து அப்பினேன். மூன்றாம் நாள் அவள் கதவருகில் நின்று பார்த்தாள். இங்கே ஒரு அடி, அங்கே ஒரு அடி என்று நிலைகொள்ளவில்லை.

"அக்கா! என்ன, ரொட்டிக்கு வெண்ணெய் தடவறீங்களா? மூச்சு விட வேணாமா தோலு? நிறமெல்லாம் ஊறி வெளிய வந்துடும்!"

"அப்ப நீயே தடவு."

டியூபைப் பிடுங்கிக்கொண்டாள். தடவினதைப் பாதி துடைத்து எடுத்தாள். ஒரு பட்டாணி அளவு கையில் எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, பூசினாளா இல்லையா என்றே தெரியாத மாதிரிப் பூசினாள். அவள் வாய் கடுகடுவென்று இருந்தது. கை மட்டும் அப்படி ஒரு பதமாக இருந்தது. லிஃப்ட் கண்ணை மூடிக்கொண்டான். நான் கீழே இறங்கி வந்து எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டேன், "எனக்கு மச்சம் எந்தக் கன்னத்துல?" என்று. "உனக்கு மச்சம் இருக்கா?" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஐந்தாம் நாள் மேலே ஒரு கூச்சல். ஓடினேன். டாட்டூ குதித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பாத்தீங்களா! ரெண்டு கையிலயும் கையுறை! ரெண்டு கையிலயும் போட்டு வச்சிருக்கா, மடச்சி!"

பார்த்தேன். கண்ணாடியில் ஊன்றியிருந்த கேப்டனின் இடது கையில் மஞ்சள் கையுறை இருந்தது.

"லென்ஸ் வச்சுக் கோட்டப் பாத்தேன், கையப் பாக்காம விட்டுட்டேன். அவ இந்தத் தொடரையே பாத்திருக்க மாட்டா. ஏதாவது போஸ்டரப் பாத்து வரைஞ்சிருப்பா. போஸ்டர்ல ரெண்டும் இருக்கும். கதையே அந்தக் கையுறைதானேக்கா! அது இல்லன்னா அவ எதுக்கு அங்க நிக்கறா? பஸ்ஸுக்கா?"

ஐந்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். அப்புறம் திடீரென்று சிரிப்பு நின்றுபோயிற்று. அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஸ்டென்சில் ஒட்டினதும் கண்ணாடில காட்டியிருப்பாளே. நீங்க பாக்கலையா?"

"பாத்தேன்."

"பாத்துட்டா விட்டீங்க? கரடித் தொப்பில பட்டன் ஒண்ணு குறையுதுன்னு என்னை மூணு தடவ ஸ்டென்சில அழிக்க வச்ச ஆளு நீங்க!"

"அவ ராத்திரியெல்லாம் உக்காந்து வரைஞ்சேன்னு சொன்னா. மாத்தச் சொல்ல வாய் வரல."

"என்கிட்டயா இருந்தா சொல்லியிருப்பீங்கல்ல?"

லிஃப்ட் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உன்கிட்ட ரெண்டு வருஷமா சொல்லிட்டுத்தானே இருந்தேன்."

அவள் டியூபின் மூடியைத் திருகித் திருகி மூடினாள். அதற்கு மேல் எனக்கு அங்கே வேலை இல்லை. இறங்கி வந்து ஏழு ஜீன்ஸுக்குக் கால் மடித்துத் தைத்தேன். ஒன்றில் ஒரு கால் நீளம் ஒரு கால் குட்டை.

இதோடு ஆறிப்போயிருக்கும். ஆனால் சுருட்டை சும்மா இருக்கவில்லை. அந்த முதுகைப் படம் எடுத்துப் பெரிதாக அச்சடித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டாள். டாட்டூவிடம் வருகிற வாடிக்கையாளர்கள் பஸ்ஸை விட்டு இறங்கினதும் அதைத்தான் பார்ப்பார்கள். இரண்டு பேர் வந்து, "கோடியில இருக்கற கேப்டன் மாதிரி எனக்கும் வேணும்" என்று இவளிடமே கேட்டார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல் கீழே விழுகிற சத்தம் கேட்டது. தானாக விழுந்த ஸ்டூல் இல்லை அது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் அவர்கள் வீட்டு ஜன்னல் திரைக்கு அளவெடுக்க மேலே போனேன். கதவு திறந்தே இருந்தது. அவன் குப்புறப் படுத்திருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொண்டிருந்தாள். அது தோல் உரிகிற சமயம். முதுகெல்லாம் சின்னச் சின்னப் பொருக்கு. அது தானாக உதிர வேண்டும், பிய்த்தால் நிறமும் கூடவே வந்துவிடும். இது எனக்கே தெரியும். பலகைக்கு அந்தப் பக்கம் நாளைக்கு நாலு தடவை அவள் சொல்வாள், "அரிச்சாலும் தொடாதீங்க, பொருக்கைப் பிச்சீங்கன்னா கையை உடைப்பேன்" என்று.

அவள் கை கேப்டனின் இடது கையில் நின்றது. நகம் பொருக்கின் ஓரத்தில் ஏறியது. ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. மூன்றாவது இழுப்பில் ரத்தம் துளிர்த்தது.

நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவன் அசையவே இல்லை. தூங்குகிறான் என்று நினைத்தேன்.

"நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு அளவெடுக்காமலே இறங்கிவிட்டேன்.

அந்த இடம் நீர் கோத்துக்கொண்டது. ஈரக் காற்று வேறு. மற்ற இடமெல்லாம் ஆறி மினுமினுவென்று ஆகிவிட்டது, கேப்டனின் இடது கை மட்டும் திட்டுத் திட்டாக, பாதி மஞ்சளும் பாதி வெளுப்புமாக நின்றது. அவள் வேளைக்கு வேளை மருந்து போட்டாள். சரியாகச் சாப்பிடவில்லை. கடையில் ஒரு வாடிக்கையாளரின் வலது தோளுக்கு வரைந்ததை இடது தோளில் ஒட்டிவிட்டு, அந்த ஆளே சொன்ன பிறகு துடைத்தாள். பத்து வருஷத்தில் அவள் இப்படிச் செய்து நான் கேட்டதில்லை.

ஒரு மத்தியானம் என் கடைக்குள் வந்து துணி மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க பாத்தீங்க."

"நான் எதையும் பாக்கல. நூல் கோத்துக்கிட்டிருந்தேன்."

"மாடில ஏது நூலு?"

நான் மெஷினை நிறுத்தினேன்.

"கஸ்டமர் பொருக்க நான் ஒரு நாள்கூடத் தொட்டதில்லக்கா. முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கெல்லாம் பாத்துப் பாத்துப் பண்றேன். என் புருஷன் முதுகப் போய்ப் பிச்சேன். அவ போட்டதுங்கறதுக்காகப் பிச்சேன். பிய்க்கும்போது எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? அதை நெனச்சாதான் எனக்கே பயமா இருக்கு."

"சரி விடு. அந்த இடத்த நீயே சரி பண்ணிடேன். உனக்குத் தெரியாத வேலையா?"

"பண்ணலாம். மஞ்சள் லேசான நிறம்தான், அது மேலயே கைய வரையலாம். ஆனா ஒருத்தி கை வச்ச வேலைல இன்னொருத்தி கேக்காம கை வைக்க மாட்டோம்க்கா. எங்க தொழில்ல அது அசிங்கம். கேக்கணும்." தலையைக் குனிந்துகொண்டாள். "நான் போய் அவகிட்ட கேக்கணும்."

"கேக்கலன்னா?"

"அப்படியே இருக்கும். திட்டும் திட்டுமா, சாகற வரைக்கும். தினம் காலைல அவர் சட்டை போடும்போது நான் பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை போனோம். அவள், அவன், துணைக்கு நான். எதற்கு நான் என்று கேட்டதற்கு, "நான் பாதி வழில திரும்பிட்டா இழுத்துட்டுப் போறதுக்கு" என்றாள். உண்மையாகவே இரண்டு தடவை திரும்பினாள்.

சுருட்டையின் கடை சின்னது. நாற்காலி ஒன்று, விளக்கு ஒன்று, சுவர் நிறையப் பூவும் பட்டாம்பூச்சியும். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "வாங்கக்கா" என்றாள் டாட்டூவிடம். பழைய பழக்கத்தில், துடைத்து வைத்திருந்த மேசையை மறுபடியும் துடைத்தாள்.

லிஃப்ட் சட்டையைக் கழற்றித் திரும்பி உட்கார்ந்தான். சுருட்டை விளக்கை இழுத்துப் பார்த்தாள். முதலில் அவள் முகத்தில் பெருமை இருந்தது. விளக்கு கேப்டனின் இடது கைக்கு வந்ததும் அது போய்விட்டது. விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"தூக்கத்துல சொறிஞ்சிட்டீங்களாண்ணே?"

"ஆமாம்மா" என்றான் லிஃப்ட் உடனே. "அரிப்புத் தாங்கல. நான்தான்."

அவனுக்கு அந்த இடம் எட்டாது. எட்டாததால்தானே க்ரீம் தடவ ஆள் வேண்டியிருந்தது. அது சுருட்டைக்கும் தெரியும்.

டாட்டூ சொன்னாள். "அவரு இல்ல. நான்தான் பிச்சேன்."

"தெரியும்க்கா" என்றாள் சுருட்டை. "நகத் தடம் இருக்கு."

"எனக்கும் தெரியும்" என்றான் லிஃப்ட்.

டாட்டூ அவன் பக்கம் திரும்பினாள். "என்ன தெரியும்?"

"நீ பிக்கறது. முழிச்சுட்டுதான் படுத்திருந்தேன்."

"வலிச்சிருக்குமே! அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க?"

அவன் திரும்பவில்லை, விளக்கு வெளிச்சத்தில் அவன் முதுகுதான் பேசிக்கொண்டிருந்தது. "கத்தினா கைய எடுத்துடுவே. ரெண்டு வருஷமா ஊர்ல இருக்கறவன் முதுகெல்லாம் உன் கைக்குக் கீழ. யாரு யாரோ வந்து படுக்கறானுங்க, ஏழு மணி நேரம் நீ அவன் மேலேருந்து கண்ண எடுக்கறதில்ல. எனக்கு எரியாதா? வீட்டுக்கு வந்தா கை வலிக்குதுன்னு படுத்துடறே. இந்தக் கொஞ்ச நாளாத்தான் காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ என்னப் பாத்தே. பிச்சா பிச்சுட்டுப் போன்னு இருந்துட்டேன்."

வெளியே ஒரு பஸ் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று.

டாட்டூ மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுருட்டையைப் பார்த்தாள். அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். பாதி வழியில் இரண்டு தடவை இழுத்தவள் நான்.

"அந்தக் கைய நான் எடுத்துக்கட்டுமா?"

சுருட்டைக்குக் கண் கலங்கிவிட்டது. இரக்கத்தில் என்று நினைத்தேன், இல்லை, கோபத்தில். "உங்க கடைல ரெண்டு வருஷம் இருந்தேன்க்கா. ஒரு முதுகு குடுத்திருப்பீங்களா? கணுக்கால், கட்டைவிரல், பூ, பட்டாம்பூச்சி. பெரிசு வந்தா நீங்களே எடுத்துக்குவீங்க. நான் பக்கத்துல நின்னு விளக்கப் பிடிப்பேன். இது எனக்குக் கிடைச்ச முதல் முதுகு. அதையும் பிச்சுட்டு, இப்ப கையக் குடுங்கறீங்க."

"ஆமா" என்றாள் டாட்டூ. "எல்லாந்தான் பண்ணேன். உன் கோடு என் கோட்ட விட நல்லா இருக்கு. அதான் தாங்க முடியல."

சுருட்டை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி அவன் முதுகைப் பார்த்தாள். "கையில என்ன தப்பு? போஸ்டர்ல ரெண்டு கையுறையும் இருந்துச்சே."

டாட்டூவும் லிஃப்ட்டும் ஒரே நேரத்தில் அந்தக் கடைசி எபிசோடைச் சொல்ல ஆரம்பித்தார்கள். இவள் விட்டதை அவன் எடுத்தான், அவன் விட்டதை இவள் எடுத்தாள். மெக்கானிக் நடுங்குகிற இடத்தில் லிஃப்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானே நாற்பது தடவை கேட்ட கதை, இருந்தாலும் நானும் முந்தானையைத் தேடினேன்.

"யோவ், இதை அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று சுருட்டை அவன் தோளில் ஒன்று வைத்தாள். டாட்டூவின் முகம் உடனே சிவந்தது. நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி" என்றாள் சுருட்டை. "கை மட்டும். நல்லா ஆறட்டும், ரெண்டு மாசம் போகட்டும். மணிக்கட்டுக்கு மேல ஒரு புள்ளி வச்சீங்க, நான் உங்க கடைக்கு வந்து கத்துவேன்."

"வைக்க மாட்டேன்."

"எங்க, என்னைப் பாத்துச் சொல்லுங்க."

"வைக்க மாட்டேன்டி."

கண்ணாடியில் இருந்த படத்தைச் சுருட்டை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி இவளும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தப் பக்கமாகப் போகாமல் சுற்று வழியாகத்தான் போனாள்.

இரண்டு மாசம் கழித்து ஒரு புதன்கிழமை. லிஃப்ட் என்னிடம் சட்டையை இஸ்திரி போட்டு வாங்கிக்கொண்டான். எப்படியும் கழற்றப் போகிற சட்டை. தலையைப் படிய வாரிக்கொண்டு, பத்து மணிக்குக் கால் மணி நேரம் முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். அவன் பேர் நோட்டில் எழுதியிருந்ததை நானே பார்த்தேன். அன்றைக்கு வேறு யார் பேரும் இல்லை.

நான் மெஷினை நிறுத்திவிட்டு நூல் கோக்க ஆரம்பித்தேன்.

"ஃபாரம் நிரப்பணும்" என்றாள் டாட்டூ. "உங்களுக்கு ஏதாவது அலர்ஜி இருக்கா?"

"இல்ல."

"முன்னாடி வேற எங்கயாவது டாட்டூ போட்டிருக்கீங்களா?"

"ஒரே ஒரு தடவ" என்றான். "புத்தி கெட்டுப் போயிட்டேங்க."

"எழுதிக்கறேன். படுங்க."

உள்ளங்கை அளவுகூட இல்லாத வேலை அது. கூட்டமாக இருக்கிற நாளில் அவள் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுவாள். அன்றைக்குப் பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. மெஷின் ஓடும், நிற்கும். ஓடினதைவிட நின்ற நேரம்தான் அதிகம். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, ரொம்ப மெதுவாகப் பேசினார்கள். ஒரு தடவை அவள் சிரித்தாள். நான் கோத்த நூல் தானாகவே உருவி விழுந்தது.

அவன் வெளியே வந்ததும் நேராக என் கடைக்கு வந்தான். "அக்கா, எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்று திரும்பி நின்று சட்டையைத் தூக்கினான்.

பார்த்தேன். கண்ணாடியில் ஊன்றியிருந்தது வெறுங்கை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். நகம், முட்டி, முட்டியில் சுருக்கம் எல்லாம் இருந்தது. மணிக்கட்டுக்கு மேலே ஒரு புள்ளி இல்லை. ஆனால் சுண்டுவிரல் மட்டும் இன்னும் மஞ்சளாக, திட்டாக, கையுறையிலேயே இருந்தது.

"என்னப்பா இது? ஒரு விரல் பாக்கி இருக்கே. மறந்துட்டாளா?"

அவன் சட்டையை இறக்கிவிட்டான். காது வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இல்லக்கா. 'மீதிக்கு அடுத்த புதன் வா'ன்னுட்டா."